சின்ன நாய்க்கு என்ன சாப்பாடு? பெங்களூரில் முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்கு

பெங்களூரில் அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர் என்று நம்மவர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளில் மாலையில் ஒரு நடை போனால் ஷிட்சூ, பக், பொமரேனியன், லாசா ஆப்ஸோ என்று சின்ன நாய்களாகவே எதிர்ப்படுகின்றன. இரண்டு அறை வீட்டுக்கும் லிஃப்ட் உள்ள கட்டடத்துக்கும் அவை ஒத்துப்போகின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே கேள்வி வந்துவிடும்: இதற்கு என்ன போடுவது? விற்றவர் செரலாக் என்பார். பெட் ஷாப்காரர் ஒரு பையும் கூடவே ஒரு கால்சியம் சிரப்பும் எடுத்து வைப்பார். ஊரிலிருந்து வந்த அத்தை, "எங்க வீட்டு நாய் கடைசி வரைக்கும் தயிர் சாதம் தின்னுதான் வளர்ந்துச்சு" என்பார். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூவரில் எவரும் உங்கள் நாயின் எடையைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் எடையிலிருந்தே தொடங்கச் சொல்வேன். முழு வளர்ச்சியில் 10 கிலோவைத் தாண்டாத நாயைச் சின்ன இனம் என்கிறோம். ஓய்வாகப் படுத்திருக்கும்போதே 5 கிலோ நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 47 கலோரி தேவை. 30 கிலோ லாப்ரடாருக்கு அது 30 கலோரிதான். அதாவது சின்ன நாயின் உடம்பு கிலோவுக்கு ஒன்றரை மடங்கு வேகமாக எரிக்கிறது. வயிறோ மிகச் சிறியது. கொஞ்சமாகச் சாப்பிட்டே நிறையச் சத்து கிடைத்தாக வேண்டும். இன்னொரு பக்கம், 5 கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடினால் பத்து சதவீதம் கூடியதாகக் கணக்கு. 60 கிலோ மனிதருக்கு 6 கிலோ கூடியது போல. கூடினாலும் குறைந்தாலும் சின்ன உடம்பு உடனே காட்டிவிடும். அதனால் கண்ணளவை நம்பாமல் கணக்குப் போட்டே உணவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு கடினமானதில்லை.

எடையும் வயதும்

நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைப் பொறியில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். வித்தியாசமே நாயின் எடை. வீட்டுப் பொறி நூறு, இருநூறு கிராம் முன்பின்னாகக் காட்டலாம், ஆகவே தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் கிளினிக் பொறியிலும் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். கைபேசியில் ஒரு குறிப்பு போதும்.

எடை சரியா என்று பார்க்கக் கையே நல்ல கருவி. இரு உள்ளங்கைகளையும் விலாவில் வைத்து மெல்லத் தடவுங்கள். அழுத்தாமலே விலா எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு குறுக வேண்டும். ஷிட்சூவும் பொமரேனியனும் முடிக்குள் ஒளிந்திருப்பவை. கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யவே கூடாது.

வயதைப் பொறுத்தவரை, சின்ன இனங்கள் 10 முதல் 12 மாதத்தில் வளர்ந்து முடிந்துவிடுகின்றன. அதுவரை குட்டி உணவு, அதன் பின் வளர்ந்த நாய் உணவு. பெரிய நாய் வைத்திருக்கும் நண்பர் ஒன்றரை வருஷம் வரை குட்டி உணவே போடச் சொன்னால் அது அவர் நாய்க்குச் சரி, உங்கள் நாய்க்குக் கூடுதல்.

"டீகப்", "பாக்கெட் சைஸ்" என்று சொல்லி விற்கப்படும் மிகச் சிறிய குட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படித் தனியாக ஓர் இனம் கிடையாது. சில நேரம் அது வயது போதாத குட்டியாகவோ சத்துக் குறைந்த குட்டியாகவோ இருக்கும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் சொல்கின்றன. வயதைக் கேட்டு வாங்குங்கள், பற்களை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள். உணவுத் திட்டம் முழுக்க அந்த வயதின் மேல்தான் நிற்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை கலோரி

கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து நாயின் எடையை மூன்று முறை தன்னோடு தானே பெருக்குங்கள். 5 கிலோ என்றால் 5 × 5 × 5 = 125. அதற்கு வர்க்கமூலம் எடுங்கள்: 11.18. வந்த விடைக்கு இன்னொரு முறை வர்க்கமூலம்: 3.34. இதை 70-ஆல் பெருக்கினால் 234. இது ஓய்வு நிலைத் தேவை. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு இதை 1.6-ஆலும், செய்யாததற்கு 1.8-ஆலும் பெருக்குவார்கள். நாள் முழுக்க சோபாவில் கிடக்கும், சட்டென்று எடை போடும் நாய்க்கு 1.2 முதல் 1.4 போதும். நான்கு மாதம் வரையுள்ள குட்டிக்கு 3, அதற்கு மேல் வளர்ந்து முடியும் வரை 2.

ஆக, கருத்தடை செய்த வளர்ந்த நாய் 3 கிலோ என்றால் நாளுக்குச் சுமார் 255 கலோரி, 5 கிலோ என்றால் 375, 7 கிலோ என்றால் 480. பையில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் இங்கே கலோரி என்கிறேன். இந்த எண் ஒரு தொடக்கம் மட்டுமே. ஒரே எடையுள்ள இரண்டு பக் நாய்களின் தேவையே கணிசமாக வேறுபடும். இதை வைத்து இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள், எடை ஏறினால் பத்து சதவீதம் குறையுங்கள், இறங்கினால் கூட்டுங்கள்.

பையில் எதைப் படிப்பது

முன்பக்கத்துப் படத்தைப் பார்க்க வேண்டாம். பையைத் திருப்பி, பொடி எழுத்தில் "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" அல்லது வெறும் "கம்ப்ளீட்" என்று இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஒன்றை மட்டுமே தின்று நாய் வாழலாம் என்பது அதன் பொருள். கூடவே எந்த வயதுக்கு என்பதும், அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் (FEDIAF) அமைப்பு வகுத்த அளவுகோலுக்கு உட்பட்டது என்பதும் இருந்தால் நல்லது. "காம்ப்ளிமென்டரி", "சப்ளிமென்டல்" என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான். கிரேவி பாக்கெட்டுகள் பலவும் இந்த வகை. நாய் ஆசையாகச் சாப்பிடுகிறதே என்று அதையே மூன்று வேளையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து பையைத் திருப்பிப் பாருங்கள்.

அடுத்து புரதம், கொழுப்பு. ஈரத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால், வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதமும் 5.5 சதவீதம் கொழுப்பும், குட்டிக்கு 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும் என்கிறது ஆஃப்கோ. இது குறைந்தபட்ச எல்லை. சின்ன நாய்க்கு இதைவிடக் கூடுதலாக, வளர்ந்த நாய்க்கு 25-ஐ ஒட்டிய புரதமும் 12 முதல் 16 வரை கொழுப்பும் உள்ள உலர் உணவையே நான் தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் அது சாப்பிடும் அளவு அவ்வளவு குறைவு.

ஈர உணவையும் உலர் உணவையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவோம். கிரேவி பாக்கெட்டில் புரதம் 8, ஈரம் 82 என்று இருக்கும். ஈரம் போக மீதி 18-தான், அந்த 18-இல் 8 புரதம். ஆக 44 சதவீதம். உலர் உணவில் புரதம் 26, ஈரம் 10 என்றால் 90-இல் 26, அதாவது 29 சதவீதம்தான். ஆனால் 80 கிராம் பாக்கெட் ஒன்றில் 70 கலோரி அளவுக்கே இருக்கும். 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஐந்து பாக்கெட்டுக்கு மேல் வேண்டும். செலவைப் பார்த்து முடிவெடுங்கள்.

பையில் கலோரி போடவில்லையா? நீங்களே கண்டுபிடிக்கலாம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (உணவை எரித்தால் மிஞ்சும் தாதுப் பகுதி) எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழியுங்கள், வருவது மாவுச்சத்து. சாம்பல் அளவு அச்சிடவில்லை என்றால் 8 என்று வையுங்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் நூறு கிராமுக்கான கலோரி. புரதம் 26, கொழுப்பு 15, நார் 4, ஈரம் 10 என்றால் மாவுச்சத்து 37. மொத்தம் 348 கலோரி. 5 கிலோ நாய்க்கு 375 வேண்டும் என்றால் சுமார் 108 கிராம். சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்து, அது எந்த டம்ளரில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள்பட்டியலில் முதலில் இருப்பது எடையில் அதிகம் சேர்த்தது. ஆனால் பச்சைக் கோழியில் பெரும்பகுதி தண்ணீர். முதலிடத்தில் கோழி என்று பார்த்ததும் மயங்காமல் அடுத்த நான்கு பெயர்களையும் படியுங்கள்.

"கிரெய்ன் ஃப்ரீ" என்பதற்குக் கூடுதல் விலை கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நாய் ஓநாயைவிட மாவுச்சத்தை நன்றாகச் செரிக்கும்படி மரபணுவிலேயே மாறியிருக்கிறது என்று 2013-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பட்டாணி, பருப்பு வகைகளை அதிகம் கொண்ட தானியமில்லா உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. அரிசி சேர்ந்த உணவைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம்.

உலர் உணவு உருண்டையின் அளவும் முக்கியம். "ஸ்மால் ப்ரீட்" அல்லது "மினி" என்று போட்ட பைகளில் உருண்டை சிறியது, கலோரி செறிவும் பொதுவாகக் கூடுதல். பக், ஷிட்சூ போன்ற தட்டை முகத்து நாய்கள் ஆழமான கிண்ணத்தில் தடுமாறும். அகலமான, விளிம்பு தாழ்ந்த தட்டில் போடுங்கள்.

தயிர் சாதம், ராகி, கோழி

நம் வீடுகளில் உண்மையான கேள்வி இங்கேதான் இருக்கிறது. வீட்டில் ஒரு ஜீவன் பசியோடு பார்க்கும்போது பையிலிருந்து காய்ந்த உருண்டையைக் கொட்டுவதற்குப் பல அம்மாக்களுக்கு மனசு வருவதில்லை. அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனாலும் தயிர் சாதத்தைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

200 கிராம் சோனா மசூரி சாதம், 100 கிராம் நந்தினி தயிர். மொத்தம் சுமார் 320 கலோரி. 5 கிலோ நாயின் வயிறு நிறைந்துவிடும். புரதம் 9 கிராம் வரும். ஆஃப்கோ அளவுகோல்படி அந்த நாய்க்கு நாளுக்குக் குறைந்தது 17 கிராம் வேண்டும். கால்சியம் 150 மில்லிகிராமை ஒட்டி வரும்; தேவை 470. புரதத்தில் பாதி, கால்சியத்தில் மூன்றில் ஒன்று. துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, ஈ எல்லாமே இன்னும் பின்தங்கும். வயிறு நிறைகிறது, நாயும் வாலை ஆட்டுகிறது, குறை வெளியே தெரிய மாதங்கள் ஆகும். முடி மங்கும், தோல் உதிரும், தசை குறைந்து வயிறு மட்டும் உருளும். குட்டியாக இருந்தால் எலும்பே வளைந்துபோகலாம். அத்தை வீட்டு நாய் தயிர் சாதத்தோடு தெருவில் வேறு என்னென்ன தின்றது என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாடியில் அடைந்து கிடக்கும் ஷிட்சூவுக்கு நீங்கள் வைப்பது மட்டும்தான் உலகம்.

கர்நாடகத்தில் நாய்க்கு ராகி போடும் பழக்கம் உண்டு. ராகியில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் இருப்பது உண்மை, தானியங்களில் அது தனிச் சிறப்பு. ஆனால் சின்ன நாய்க்கு 30 கிராம் மாவில் கஞ்சி காய்ச்சினால் நூறு மில்லிகிராம்தான் சேரும், அதிலும் ஒரு பகுதி உடலில் ஒட்டாது. ராகியை அரிசிக்குப் பதிலாக வைக்கலாம், கால்சியத்துக்குப் பதிலாக வைக்க முடியாது.

கோழியும் சாதமும்? புரதக் குறை தீரும், கால்சியக் குறை தீராது. எலும்பில்லாத இறைச்சியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ இரு மடங்கு வரையோ இருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பு எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஈரல் மலிவாகக் கிடைக்கிறது என்று தினம் ஈரலாகப் போடுவதும் ஆபத்து. வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். வாரம் இரண்டு சிறு துண்டு போதும்.

முழுக்க வீட்டுச் சமையல்தான் என்று தீர்மானித்தவர்கள் இணையத்துக் குறிப்புகளை நம்பி இறங்க வேண்டாம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை ஆய்வாளர்கள் 2013-இல் 200 சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்திருந்தது. விலங்கு ஊட்டச்சத்து தெரிந்த மருத்துவரிடம் உங்கள் நாயின் எடைக்கு எழுதி வாங்கி, அவர் சொல்லும் வைட்டமின்-தாதுக் கலவையையும் சேர்த்துச் செய்யுங்கள். நன்றாகச் செய்ய முடிகிற காரியம்தான், ஆனால் மாற்றாமல் கிராம் கணக்கில் செய்ய வேண்டிய காரியம்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது நடுவழி. நாள் கலோரியில் முக்கால் பங்கு நிறைவான உலர் உணவு. மீதியில் வீட்டுச் சாப்பாடு. அந்தக் கால் பங்கும் வெறும் சாதமாக இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, கொஞ்சம் பூசணி, கேரட், பீன்ஸ் என்று இருக்கட்டும். உப்பு, மிளகாய், தாளிப்பு எதுவும் போடுவதற்கு முன் எடுத்து வைத்துவிடுங்கள். மேலே ஒரு கரண்டி தயிர் தாராளமாக.

சைவ வீடுகளில் தயங்க வேண்டியதில்லை. பூனையைச் சைவமாக வளர்க்க முடியாது, நாயை வளர்க்க முடியும். ஆனால் நிறைவானது என்று அச்சிட்ட சைவ உலர் உணவைக் கொண்டு மட்டும். முட்டைக்குச் சம்மதம் உள்ள வீடு என்றால் வேலை இன்னும் எளிது. பருப்பு சாதத்தை வைத்து மட்டும் நீங்களாகவே சமன் செய்ய முயல வேண்டாம்.

நம் சமையலறையில் நாய்க்கு ஆகாதவை

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே போதும். 5 கிலோ நாய்க்கு 75 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் ஒன்று. லாப்ரடார் தாங்கும் அளவைச் சின்ன நாய் தாங்காது. வேகவைத்தாலும் பொடியாக இருந்தாலும் நஞ்சு குறையாது. பூண்டு இன்னும் வீரியமானது. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாமல், சில நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும்.

திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எவ்வளவு வரை பாதுகாப்பு என்ற எல்லையே இதற்கு இல்லை. பெங்களூர் நீலத் திராட்சை தள்ளுவண்டியில் குவியும் காலத்தில் தரையில் உதிர்வதைக் கவனியுங்கள். பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் இருக்கும் உலர் திராட்சையும் அதே நஞ்சுதான். திராட்சையில் கெடுதல் செய்வது டார்டாரிக் அமிலம் என்று 2021 முதல் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் நிறைந்தது புளி. நாய்க்கு ரசம் சாதம், சாம்பார் சாதம், புளியோதரை எதுவும் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவே காரணம். வெங்காயம், பூண்டு, புளி மூன்றும் ஒரே கரண்டியில் சேரும் சமையல் நம்முடையது.

சைலிட்டால் என்ற இனிப்பு சர்க்கரையில்லாத சூயிங் கம், சில பற்பசை, சில வேர்க்கடலை வெண்ணெய்களில் இருக்கும். மிகச் சிறு அளவே சின்ன நாயின் ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். சாக்லேட், காபித் தூள், மது, புளித்து உப்பும் பச்சை ஈஸ்ட் மாவு இவையும் கூடாது. பிரியாணி எலும்பு உட்பட வெந்த எலும்பு எதுவும் வேண்டாம். கூராகப் பிளந்து தொண்டையையோ குடலையோ கிழிக்கும்.

தப்பித்தவறித் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், அது தனி ஆபத்து. என்ன, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீட்டருகே இரவிலும் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றே விசாரித்து எண்ணைச் சேமித்து வையுங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் குயின்ஸ் ரோடு அரசுக் கால்நடை மருத்துவமனையிலும் எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

நேரமும் தின்பண்டமும்

வளர்ந்த சின்ன நாய்க்கு இரண்டு வேளை, மெலிந்த உடல்வாகு என்றால் மூன்று வேளை. வைத்து இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டு நிறைந்திருந்தால் அது சாப்பிட்டதா இல்லையா என்றே தெரியாமல் போகும். சாப்பிடாவிட்டால் பதறி உடனே கோழியை நீட்டாதீர்கள். இரண்டு முறை நீட்டினால் மூன்றாம் முறை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் வளர்ந்த நாய் ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் அதை அடம் என்று எண்ணாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தின்பண்டம் நாள் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 5 கிலோ நாய்க்கு அது 37 கலோரி. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25. காலைக் காபியோடு தாத்தா இரண்டு, பள்ளி விட்டு வந்த பேத்தி ஒன்று என்று கொடுத்தால் 75 கலோரி, நாள் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு மாவும் சர்க்கரையுமாகப் போய்விட்டது. சண்டை போடாமல் இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. காலையில் நாளின் உலர் உணவை நிறுத்து, அதிலிருந்தே ஒரு கைப்பிடியைச் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். யார் கொடுக்க விரும்பினாலும் அந்த டப்பாவிலிருந்துதான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் சொல்லிவிடுங்கள். வேறு கொடுக்க ஆசை என்றால் வெள்ளரி, கேரட் துண்டு, விதை நீக்கிய ஆப்பிள், அரை அவித்த முட்டை. அந்த அரை முட்டையே அன்றைய கணக்கை முடித்துவிடும்.

தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கிலோவுக்கு 50, 60 மில்லி குடிப்பது சாதாரணம்.

குட்டியாக இருந்தால்

சின்ன இனக் குட்டிகளுக்கு ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பு அவ்வளவு குறைவு. நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, பிறகு ஆறு மாதம் வரை மூன்று வேளை கொடுங்கள். இரவு கடைசி வேளைக்கும் காலை முதல் வேளைக்கும் நடுவே நீண்ட இடைவெளி விடாதீர்கள். குட்டி தள்ளாடினாலோ நடுங்கினாலோ கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் துவண்டாலோ, ஈறில் கொஞ்சம் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவிவிட்டு நேராக மருத்துவரிடம் ஓடுங்கள். தடவுவது வழிக்கு மட்டும், வைத்தியம் அங்கேதான்.

செரலாக் மனிதக் குழந்தைக்காகச் செய்தது. குட்டிக்கு அதில் புரதம் போதாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். நிறைவான குட்டி உணவை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மசித்துக் கொடுத்தால் போதும். அந்த உணவுக்கு மேல் கால்சியம் சிரப் வேண்டாம். தேவையான கால்சியம் அதிலேயே அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர, கடைக்காரர் எடுத்து வைத்தார் என்பதற்காக வாங்காதீர்கள்.

புது உணவுக்கு மாறும்போது

ஏழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுவதும். வயிறு இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். வாங்கிவந்த குட்டிக்கு முதல் வாரம் அது ஏற்கெனவே தின்றுவந்ததையே போடுங்கள், அது மட்டமான உணவாக இருந்தாலும் சரி. வீடு மாறியது, தாயைப் பிரிந்தது, உணவும் மாறியது என்று மூன்றும் ஒன்றாக வந்தால் அந்த வயிறு தாங்காது.

இனத்துக்கே உரிய தொல்லைகள்

சின்ன வாயில் அதே 42 பற்கள் நெருக்கிக்கொண்டு முளைப்பதால் கறை சீக்கிரம் படிகிறது. உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்ப வேண்டாம். நாய்க்கான பற்பசையால் தினம் துலக்குவதுதான் வழி.

பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்றவற்றுக்கு மூச்சுக்குழல் தளர்ந்து சப்பையாகும் நோய் வரக்கூடும். எடை கூடினால் இருமல் மோசமாகும். பக்குக்கும் எடைதான் முதல் எதிரி, ஏற்கெனவே சிரமப்பட்டு மூச்சு விடும் நாய் அது. ஷிட்சூ, லாசாவில் சிறுநீர்ப்பைக் கல் அதிகம் காணப்படுகிறது; ஈர உணவையோ தண்ணீர் கலந்த உலர் உணவையோ சேர்த்து நிறைய நீர் உள்ளே போகச் செய்யுங்கள். மினியேச்சர் ஷ்னௌசர் வைத்திருப்பவர்கள் கொழுப்பில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நாள் விருந்தில் கிடைத்த கோழித் தோலும் நெய்யுமே கணைய அழற்சியைத் தூண்டிவிடலாம்.

ஒத்துப்போகிறதா என்று எப்படித் தெரியும்

மலத்தைப் பாருங்கள். உருண்டு, கையில் எடுத்தால் உடையாமல், தரையில் ஒட்டாமல் இருக்க வேண்டும். முடியில் பளபளப்பு, நிலையான எடை, நடைக்குக் கிளம்பும் உற்சாகம் இவை ஆறு முதல் எட்டு வாரத்தில் தெரியும். அதற்குள் மூன்று பிராண்டு மாற்றிவிட்டால் எது உதவியது என்று யாராலும் சொல்ல முடியாது.

காதிலும் பாதத்திலும் ஓயாத அரிப்பு இருந்தால் உணவு ஒவ்வாமையாக இருக்கலாம், உண்ணியாகவும் இருக்கலாம். மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை இவையே நாய்களில் அதிகம் காணப்படும் காரணங்கள். ரத்தப் பரிசோதனையில் இதை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவர் மேற்பார்வையில் எட்டு வாரம் ஒரே வகைப் புரதத்தை மட்டும் கொடுத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அந்த எட்டு வாரமும் ஒரு பிஸ்கட் கூடத் தரக் கூடாது.

வாங்குவதும் வைப்பதும்

5 கிலோ நாய் மாதம் மூன்று கிலோவைத்தான் தின்னும். பத்துக் கிலோ பை மலிவு என்று வாங்கினால் பாதியில் கொழுப்பு காறிப்போகும். ஒன்று, ஒன்றரைக் கிலோ பையாக வாங்கித் திறந்த நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடியுங்கள். கடையில் பையைப் பிரித்துக் கிலோ கணக்கில் உதிரியாக நிறுத்துத் தருவதை வாங்காதீர்கள். எப்போது திறந்தது, எந்தத் தேதி வரை நல்லது என்று அதில் எதுவும் தெரியாது.

ஜூன் முதல் அக்டோபர் வரை நீளும் பெங்களூர் மழையில் திறந்த பை நமத்துப் பூஞ்சை பிடிக்கும். உணவைப் பையோடு அப்படியே மடக்கிக் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து, அடுப்புக்கும் பால்கனி வெயிலுக்கும் தள்ளி வையுங்கள். எறும்புத் தொல்லை என்றால் சாப்பாட்டுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்துக்குள் வைக்கலாம். பூச்சி மருந்தும் எறும்புச் சாக்குக்கட்டியும் தட்டின் அருகே வரக் கூடாது. புதுப் பையைத் திறக்கும் அன்றே பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் போட்டோ எடுத்து, எடைக் குறிப்பு இருக்கும் அதே இடத்தில் சேர்த்துவிடுங்கள். நாய்க்கு வயிறு கெட்டால் என்ன உணவு, எந்தப் பை, எப்போது திறந்தது என்று மருத்துவர் கேட்பார். அப்போது தேடி அலைய வேண்டியிருக்காது.